சிவப்புக்கு அப்பால்

நுழையும்முன்

ஒளியை உண்டு உயிர்வாழும் கலை தாவரங்களுக்கு மட்டும் உரியதன்று. தாவரங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பாக்டீரியங்கள் அக்கலையைக் கற்றிருந்தன. வெளிச்சத்தில் வாழும் உயிர்கள் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் எடுத்துக்கொண்டபின் எஞ்சுவதை மட்டும் கொண்டு நிழலில் வாழும் பாக்டீரியங்களும் உள்ளன. அவை தம் நிறமிகளை எவ்வாறு மாற்றி அமைத்துக்கொள்கின்றன என்பதையும், அம்மாற்றத்தைக் கண்டறிய மனித அறிவு கடந்துவந்த பாதையையும் இப்பாடம் விளக்குகிறது.

நிழலில் எஞ்சும் ஒளி

உச்சிவெயிலில் நடந்து வருபவர் அடர்ந்த மாமரத்தின் நிழலை அடைந்ததும் நிம்மதியுடன் அமர்கிறார். அவருடைய கண்களுக்கு, நிழல் என்பது ஒளி குறைந்த இடம், அவ்வளவே. ஆனால், அந்நிழலில் ஒளியின் அளவு மட்டும் குறைவதில்லை. ஒளியின் தன்மையும் மாறிவிடுகிறது.

சூரிய ஒளி பல அலைநீளங்களின் தொகுப்பு. அலைநீளத்தை நானோமீட்டர் என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். ஏறத்தாழ 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை நம் கண்கள் நன்கு காண்கின்றன. ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் வானவில்லின் பரப்பு இதுவே. 700 நானோமீட்டரைக் கடந்ததும் நம் பார்வை மங்கிவிடுகிறது. அதற்கு அப்பால், ஏறத்தாழ 700 முதல் 800 வரையுள்ள பகுதி தூரச்சிவப்பு எனப்படுகிறது. அதனையும் தாண்டியது அகச்சிவப்பு.

இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் பெருமளவில் உறிஞ்சுகிறது. பச்சை ஒளியை ஓரளவு விட்டுவிடுகிறது; ஆகவேதான் இலை நமக்குப் பச்சையாகத் தோன்றுகிறது. ஆனால், இலை விட்டுவிடும் ஒளியில் பெரும்பங்கு பச்சையன்று. நாம் காண இயலாத தூரச்சிவப்பும் அகச்சிவப்புமே ஆகும். அவ்வொளியின் ஒரு பகுதியை இலை மேல்நோக்கிச் சிதறடிக்கிறது. மறுபகுதியைத் தன்னூடே கீழே செல்ல விடுகிறது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் வில்லியம்ஸ் வுட், அகச்சிவப்பு ஒளியால் எடுக்கப்பட்ட நிழற்படங்களை வெளியிட்டார். அவற்றில் மரங்களின் இலைகள் பனி மூடியவைபோல் வெண்மையாகக் காட்சியளித்தன. இலைகள் அவ்வொளியை உண்ணாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன என்பதற்கு அப்படங்களே சான்று.

திறந்தவெளியில் விழும் சூரிய ஒளியில் சிவப்பும் தூரச்சிவப்பும் ஏறக்குறைய சம அளவில் உள்ளன. அடர்ந்த இலைக்கூரையின் கீழோ, சிவப்பின் அளவு தூரச்சிவப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். மரநிழலில் மட்டுமன்று; பாசிப்படலத்தின் அடியடுக்கிலும், குகையின் உட்சுவரிலும், கடற்கரைப் பாறையின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழும் இதே நிலைதான். அங்கெல்லாம் மிகுந்திருப்பது, பிறர் உண்டு எஞ்சிய ஒளி.

அந்த எஞ்சிய ஒளியைக் கொண்டு ஓர் உயிர் வாழ இயலுமா? இவ்வினாவுக்கு ‘இயலாது’ என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது.

ஓர் எல்லையும் ஒரு புதிரும்

1943ஆம் ஆண்டு ஒளிச்சேர்க்கை ஆய்வின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இராபர்ட் எமர்சன், சார்ல்டன் லூயிஸ் ஆகிய இருவரும் குளோரெல்லா என்னும் பச்சைப்பாசியின் மீது வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்திச் செய்த ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். உறிஞ்சப்படும் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் எவ்வளவு ஆக்சிஜன் வெளிப்படுகிறது என்று அவர்கள் அளந்தனர். சிவப்பு ஒளி வரை சீராக இருந்த விளைச்சல், 680 நானோமீட்டரைக் கடந்ததும் திடீரெனச் சரிந்தது. தாவரவியல் பாடத்தில் ‘சிவப்பு வீழ்ச்சி’ என்று நாம் படிப்பது இதுவே.

இவ்வீழ்ச்சியை ஆராய்ந்ததன் பயனாகவே, ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளி அமைப்புகள் இணைந்து செயற்படுகின்றன என்னும் உண்மை பின்னாளில் தெளிவாயிற்று. அதனோடு இன்னொரு கருத்தும் நிலைபெற்றது. நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் ஒளிச்சேர்க்கைக்கு ஏறத்தாழ 700 நானோமீட்டரே எல்லை என்பது அக்கருத்து. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ளது என்னும் வரையறை இன்றும் வேளாண் அறிவியலில் வழங்குகிறது.

அதே 1943ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வுக்கட்டுரையும் வெளிவந்தது. வின்ஸ்டன் மேனிங், ஹரோல்டு ஸ்ட்ரெய்ன் ஆகிய இருவரும் கடலில் வளரும் சிவப்புப் பாசிகளின் நிறமிகளை வண்ணப்பிரிகை முறையில் பிரித்தெடுத்தனர். அப்போது அதுவரை அறியப்படாத ஒரு பச்சையம் சிறிதளவு கிடைத்தது. வழக்கமான பச்சையத்தைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியை அது உறிஞ்சியது. அதற்குப் பச்சையம் ‘டி’ எனப் பெயரிட்டனர்.

ஓர் ஆய்வு எல்லையைக் காட்டியது; மற்றோர் ஆய்வு அவ்வெல்லையைக் கடக்கும் நிறமியைக் காட்டியது. எனினும், இரண்டையும் எவரும் இணைத்துப் பார்க்கவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. பச்சையம் ‘டி’ சில பாசி மாதிரிகளில் கிடைத்தது; அதே இனத்தின் வேறு மாதிரிகளில் கிடைக்கவில்லை. உயிரில் நிலையாக அமைந்த நிறமி என்றால் எல்லா மாதிரிகளிலும் கிடைக்க வேண்டுமே! ஆகவே, பிரித்தெடுக்கும்போது வேதிமாற்றத்தால் தற்செயலாக உண்டான பொருளாக அது இருக்கலாம் எனப் பலர் ஐயுற்றனர். பச்சையம் ‘டி’ ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் புதிராகவே கிடந்தது.

கடல் விலங்கின் நிழலில் கிடைத்த விடை

மேற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவுத் தீவுக்கூட்டத்தின் ஆழமற்ற கடலில் அசிடியன் என்னும் விலங்கினம் வாழ்கிறது. பை போன்ற மென்மையான உடலுடைய இவ்விலங்குகள் பாறைகளில் கூட்டமாக ஒட்டி வாழ்பவை. இவற்றின் உடலில் புரோகுளோரான் என்னும் ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியங்கள் குடியிருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் ஹிதேயாகி மியாஷிதாவும் அவருடைய குழுவினரும் அவ்விலங்கிலிருந்து பிழிந்தெடுத்த நீர்மத்தை ஆராய்ந்தபோது, அதில் மற்றொரு சயனோபாக்டீரியமும் இருக்கக் கண்டனர். 1996ஆம் ஆண்டில் அச்செய்தி வெளியாயிற்று. அகாரியோகுளோரிஸ் மரினா எனப் பெயர்பெற்ற அந்நுண்ணுயிரின் முதன்மை நிறமி பச்சையம் ‘ஏ’ அன்று. பச்சையம் ‘டி’ ஆகும்! அதன் பச்சையத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலானது அந்நிறமியே.

பச்சையம் ‘டி’ தற்செயலாக உண்டான பொருளன்று என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால், சிவப்புப் பாசிகளில் அது ஏன் சில நேரம் மட்டும் கிடைத்தது? அதற்கான விடை 2004ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்நிறமி சிவப்புப் பாசிக்கு உரியதே அன்று; பாசியின் மேல் ஒட்டி வாழ்ந்த அகாரியோகுளோரிஸுக்கு உரியது. ஒட்டுயிர் இருந்த மாதிரியில் நிறமி கிடைத்தது. இல்லாத மாதிரியில் கிடைக்கவில்லை. மேனிங்கும் ஸ்ட்ரெய்னும் கண்டது உண்மை; அது எவ்வுயிருக்கு உரியது என்பதில் மட்டுமே பிழை நேர்ந்திருந்தது.

இந்நுண்ணுயிர் வாழும் இடம் எது என்பது 2005ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அது அசிடியன் கூட்டத்தின் அடிப்புறத்தில் மென்படலமாகப் படிந்து வாழ்கிறது. மேலே இருக்கும் புரோகுளோரான் காணுறும் ஒளியை உறிஞ்சிவிடுகிறது; தூரச்சிவப்பு மட்டும் கீழே இறங்குகிறது. அங்குக் காத்திருக்கும் அகாரியோகுளோரிஸ், ஏறத்தாழ 710 நானோமீட்டர் அளவிலுள்ள ஒளியைச் சிறப்பாக உறிஞ்சி உயிர்வாழ்கிறது. ஒரே இடத்தில் இரண்டு உயிர்கள். ஒன்றன் உணவில் மற்றொன்று கைவைப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

கடல்நீர் சிவப்பு, தூரச்சிவப்பு ஒளியை விரைந்து உறிஞ்சிவிடும். எனவே, ஆழ்கடலுக்குள் எட்டுவது பெரும்பாலும் நீல ஒளியே. தூரச்சிவப்பைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் ஆழமற்ற நீரிலும், நுண்ணுயிர்ப் படலங்களிலும், பாறைகளிலும், நிழலான நிலப்பகுதிகளிலும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சுறா விரிகுடாவின் பாறைகள்

மேற்கு ஆஸ்திரேலியாவில் சுறா விரிகுடா என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள ஹாமலின் குளத்தின் நீர், கடல்நீரைவிட இருமடங்கு உப்புத்தன்மை உடையது. அதன் கரையோரம், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் கற்குவியல்களாகத் தோன்றும் உருண்டைத் திட்டுகள் உள்ளன. இவை ஸ்ட்ரோமட்டோலைட்டுகள். நுண்ணுயிர்களின் படலங்கள் மணலையும் சுண்ணத்தையும் பற்றிப் பிணைத்து, அடுக்கின்மேல் அடுக்காக வளர்த்த உயிர்ப்பாறைகள். பழங்காலப் பாறைகளில் காணப்படும் இத்தகைய அமைப்புகள், புவியின் மிகத் தொன்மையான உயிர்ச் சுவடுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன.

சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின் சென் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இப்பாறையிலிருந்து எடுத்த மாதிரியைத் தூரச்சிவப்பு ஒளியில் வளர்த்தனர். அவ்வொளியில் தழைத்து வளர்ந்த நுண்ணுயிர்களின் நிறமிகளைப் பிரித்தபோது, அதுவரை எவரும் கண்டிராத பச்சையம் ஒன்று கிடைத்தது. 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அந்நிறமி பச்சையம் ‘எஃப்’ எனப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் கண்டறியப்பட்ட புதிய பச்சையம் இது. அன்றுவரை அறியப்பட்ட பச்சையங்கள் அனைத்தினும் நீண்ட அலைநீளமுள்ள சிவப்பொளியை இது உறிஞ்சியது.

ஓர் அணுத்தொகுதியின் இடமாற்றம்

இப்பச்சையங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்று நாம் எண்ணலாம். உண்மையில் அது வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

பச்சைய மூலக்கூறின் தலைப்பகுதி வளைய வடிவமானது. அதன் நடுவில் ஒரு மக்னீசியம் அணு வீற்றிருக்கிறது. வளையத்தின் விளிம்பில் பல கார்பன் அணுக்கள் உள்ளன. வேதியியலார் அவற்றுக்கு எண்கள் இட்டுள்ளனர். அவ்வணுக்களில் சிறு சிறு அணுத்தொகுதிகள் இணைந்துள்ளன. அத்தொகுதிகளுள் ஒன்று ஃபார்மைல் தொகுதி. ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகிய மூன்றே அணுக்களால் ஆனது அது.

பச்சையம் ‘ஏ’யின் விளிம்பில் ஃபார்மைல் தொகுதி இல்லை. ஏழாம் கார்பனில் உள்ள தொகுதியை நீக்கி ஃபார்மைலை அமர்த்தினால், தாவரங்களில் நாம் காணும் பச்சையம் ‘பி’ கிடைக்கிறது. மூன்றாம் கார்பனில் அமர்த்தினால் பச்சையம் ‘டி’. இரண்டாம் கார்பனில் அமர்த்தினால் பச்சையம் ‘எஃப்’. ஒரே தொகுதிதான், அமரும் இடம்தான் வேறு. ஆனால், விளைவு எவ்வளவு மாறுகிறது! மெத்தனாலில் கரைத்து அளக்கும்போது, பச்சையம் ‘ஏ’ சிவப்புப் பகுதியில் ஏறத்தாழ 665 நானோமீட்டரில் மிகுதியாக உறிஞ்சுகிறது. பச்சையம் ‘பி’ அதனினும் குறைந்த அலைநீளமான 652க்கு நகர்ந்துவிடுகிறது. பச்சையம் ‘டி’ 697க்கும், பச்சையம் ‘எஃப்’ 706க்கும் நீள்கின்றன.

கரைசலில் அளந்த இம்மதிப்புகள் உயிருள்ள செல்லில் மேலும் நீள்கின்றன. செல்லினுள் பச்சைய மூலக்கூறுகள் தனித்து மிதப்பதில்லை. புரதங்களின் மடிப்புகளுக்குள் பொதிந்திருக்கின்றன. சுற்றியுள்ள புரதமும் அருகிலுள்ள பச்சைய மூலக்கூறுகளும் ஒன்றையொன்று பாதிப்பதால் உறிஞ்சும் அலைநீளம் மாறுகிறது. ஆகவே, ஓர் உயிர் தன் நிறமியை மாற்றுவதற்கு இருவழிகள் உள்ளன. மூலக்கூறின் அமைப்பை மாற்றுவது ஒருவழி. மூலக்கூறு அமரும் சூழலை மாற்றுவது மற்றொரு வழி. தூரச்சிவப்பில் வாழும் பாக்டீரியங்கள் இவ்விரண்டையும் கையாளுகின்றன.

ஒளி மாறினால் உறுப்பும் மாறும்

அகாரியோகுளோரிஸ் எப்போதும் பச்சையம் ‘டி’யையே முதன்மை நிறமியாகக் கொள்கிறது. ஆனால், பச்சையம் ‘எஃப்’ஐ உண்டாக்கும் சயனோபாக்டீரியங்களின் இயல்பு வேறு. வெள்ளொளியில் வளரும்போது அவை பச்சையம் ‘ஏ’யை மட்டும் கொண்டு பிற சயனோபாக்டீரியங்களைப் போலவே வாழ்கின்றன. நிழல் கவிந்து, தூரச்சிவப்பு மட்டும் எஞ்சும்போதுதான் அவற்றின் மறைந்திருந்த திறன் வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியை ஒட்டிய வெந்நீர் ஊற்றிலிருந்து பெறப்பட்ட லெப்டோலிங்பியா என்னும் சயனோபாக்டீரியத்தைக் கொண்டு, ஃபெய் கான், டொனால்டு பிரையண்ட் ஆகியோர் அடங்கிய குழு இத்திறனை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் விளக்கியது. அவர்கள் கண்டவற்றைப் படிநிலைகளாகப் பின்வருமாறு கூறலாம்.

முதற்படி, உணர்தல். செல்லிலுள்ள ஓர் ஒளியுணர் புரதம், சிவப்பொளி குறைந்து தூரச்சிவப்பு மிகுந்திருப்பதை உணர்கிறது. தாவரங்களில் பூத்தலை நெறிப்படுத்தும் ஃபைட்டோகுரோமின் உறவினமே இப்புரதம்.

இரண்டாம்படி, ஆணை. உணர்ந்த செய்தி வேறு புரதங்கள் வழியாக மரபணுக்களை எட்டுகிறது. அடுத்தடுத்து அமைந்த ஏறத்தாழ இருபது மரபணுக்கள் ஒருசேரச் செயற்படத் தொடங்குகின்றன.

மூன்றாம்படி, மறுகட்டமைப்பு. முதலாம் ஒளி அமைப்பு, இரண்டாம் ஒளி அமைப்பு, ஒளியைத் திரட்டித்தரும் ஃபைக்கோபிலிசோம் ஆகிய மூன்றிலும் வழக்கமான புரதங்கள் பலவற்றின் இடத்தில் தூரச்சிவப்புக்கு உரிய மாற்றுப் புரதங்கள் அமர்கின்றன. பச்சையம் ‘எஃப்’ உருவாகி அவற்றினுள் பொதிகிறது.

இம்மாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்வதன்று. பல நாள்கள் பிடிக்கும் பெரும்பணி. மேற்கூரையை மட்டும் மாற்றாமல், தூண்களையும் உத்திரங்களையும் ஒவ்வொன்றாக மாற்றி, குடியிருந்தபடியே வீட்டைப் புதுப்பிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். பணி முடிந்தபின்னும் செல்லிலுள்ள பச்சையத்தில் பத்தில் ஒன்பது பங்கு பச்சையம் ‘ஏ’யாகவே இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள புதிய நிறமி, உரிய இடங்களில் அமர்வதால் முழு அமைப்பின் திறனையும் மாற்றிவிடுகிறது.

பச்சையம் ‘எஃப்’ஐ உண்டாக்கும் நொதி எது என்பது 2016ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இரண்டாம் ஒளி அமைப்பின் மையப்புரதத்தோடு நெருங்கிய உறவுடையது அந்நொதி. ஒளி இருந்தால்தான் அது செயற்படுகிறது. ஒளியை அறுவடை செய்யும் கருவியின் பழைய பாகம் ஒன்றே, புதிய நிறமியை வார்க்கும் கருவியாக மாறியுள்ளது எனலாம்.

தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஜெனோலன் என்னும் சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. காணுறும் ஒளி மிகவும் குன்றிய உட்பகுதிகளிலும் பச்சையம் ‘எஃப்’ உடைய சயனோபாக்டீரியங்கள் அங்கு வாழ்கின்றன. சுண்ணாம்புப் பாறை, தூரச்சிவப்பை நன்கு எதிரொளிப்பதால், அவ்வொளி சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்துக் குகையின் உள்ளே நெடுந்தொலைவு செல்கிறது. நம் கண்களுக்கு இருளாகத் தோன்றும் இடம் அவற்றுக்கு இருளன்று.

எல்லைக்கு ஒரு விலை

தூரச்சிவப்பு இவ்வளவு எளிதாகக் கிடைக்குமாயின், எல்லாத் தாவரங்களும் அதனையே ஏன் பயன்படுத்தவில்லை? விடை, ஒளித்துகளின் ஆற்றலில் அடங்கியுள்ளது.

ஒளியின் அலைநீளம் நீள நீள, ஒவ்வோர் ஒளித்துகளும் சுமந்துவரும் ஆற்றல் குறைகிறது. 1240 என்னும் எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், அவ்வொளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் அலகில் கிடைக்கும். 680 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 1.82 எலக்ட்ரான் வோல்ட். 727 நானோமீட்டர் ஒளித்துகளுக்கோ ஏறத்தாழ 1.71தான்.

நீர் மிகவும் உறுதியான மூலக்கூறு. அதிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனை வெளியேற்றுவது எளிதன்று. பறித்த எலக்ட்ரான் திரும்பவும் பழைய இடத்துக்கே ஓடிவிடாமல் தடுக்கவும் ஆற்றல் வேண்டும். ஒளியின் அளவு திடீரெனக் கூடும்போது சேதம் நேராமல் காக்கவும் ஆற்றல் கையிருப்பு வேண்டும். மாதச் சம்பளத்தில் அன்றாடச் செலவு போக, அவசரத்துக்கென்று சிறிது சேமித்து வைக்கும் குடும்பத்தைப் போன்றது இது. 680 நானோமீட்டரில் இயங்கும் வழக்கமான இரண்டாம் ஒளி அமைப்புக்கு அச்சேமிப்பு உண்டு. அலைநீளம் நீண்டால் வருமானம் குறைகிறது; செலவோ குறைவதில்லை.

ஆகவே, பச்சையம் ‘எஃப்’ ஒளியைத் திரட்டும் துணைவேலை மட்டுமே செய்கிறது. வேதிவினையைத் தொடங்கும் முதன்மைப்பணி இன்றும் பச்சையம் ‘ஏ’யிடம்தான் உள்ளது என்று அறிஞர்கள் சிலர் கருதினர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் நூர்ன்பெர்க், பில் ரூதர்போர்டு முதலியோர் 2018ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். குரூகாக்சிடியாப்சிஸ் என்னும் சயனோபாக்டீரியத்தை 750 நானோமீட்டர் ஒளியில் வளர்த்து அவர்கள் ஆராய்ந்தபோது, அதன் இரண்டாம் ஒளி அமைப்பில் வேதிவினையைத் தொடங்கும் நிறமியே ஏறத்தாழ 727 நானோமீட்டரில் இயங்குவதைக் கண்டனர். புதிய நிறமி ஒளியைத் திரட்டுவதோடு நிற்கவில்லை. நீரைப் பிளக்கும் பணியின் மையத்திலும் இடம்பெற்றிருந்தது. 1943 முதல் நிலைபெற்ற எல்லை கடக்கப்பட்டுவிட்டது.

ஆனால், விலையின்றி எதுவும் கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஒப்பாய்வு ஒன்று, தூரச்சிவப்பில் இயங்கும் இருவகை இரண்டாம் ஒளி அமைப்புகளும் அவ்விலையை இருவேறு வழிகளில் செலுத்துவதைக் காட்டியது. பச்சையம் ‘டி’ உடையது விரைந்து செயற்படுகிறது; ஆனால், ஒளி மிகுந்தால் சேதமடைகிறது. பச்சையம் ‘எஃப்’ உடையது சேதத்தைத் தாங்குகிறது. ஆனால், திரட்டிய ஆற்றலை மையத்துக்குக் கொண்டுசேர்ப்பதில் சுணங்குகிறது. ஒளி சீராகக் குறைந்திருக்கும் நிழலில் வாழ்வதால், இவ்விரண்டுக்கும் அக்குறை பெருங்கேடாவதில்லை.

நீரைக் கைவிட்ட ஊதாப் பாக்டீரியங்கள்

நீரைப் பிளக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லாவிட்டால் எவ்வளவு தொலைவு செல்லலாம்? இதற்கு விடையாக அமைபவை ஊதாப் பாக்டீரியங்கள். ஆக்சிஜன் குறைந்த குளங்களின் சேற்றிலும் உப்பங்கழிகளிலும் வாழும் இவை, நீருக்கு மாற்றாக ஹைட்ரஜன் சல்பைடு முதலிய பொருள்களிலிருந்து எலக்ட்ரானைப் பெறுகின்றன. அப்பொருள்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பதற்கு மிகக்குறைந்த ஆற்றலே போதும். ஆகவே, இவை ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்னும் கருத்தை வான் நீல் முன்வைப்பதற்கு இப்பாக்டீரியங்களே வழிகாட்டின.

ஜெர்மானிய அறிஞர் தியோடர் எங்கல்மன், 1883ஆம் ஆண்டிலேயே ஊதாப் பாக்டீரியங்களின் மீது நிறமாலையை விழச்செய்து நுண்ணோக்கியால் நோக்கினார். அவை சிவப்பையும் கடந்து, மனிதக் கண்ணுக்கு ஒளியே தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் திரளாகக் கூடின. நாம் காணாத ஒளியை அவை கண்டுகொண்டன!

இவற்றின் நிறமி பாக்டீரியப்பச்சையம் எனப்படும். கரைசலில் இருக்கும்போது பாக்டீரியப்பச்சையம் ‘ஏ’ ஏறத்தாழ 770 நானோமீட்டரில் உறிஞ்சுகிறது. செல்லினுள்ளோ அதே மூலக்கூறு 800, 850, 875 எனப் பல அலைநீளங்களில் உறிஞ்சுகிறது. இம்மாயத்தின் விளக்கம் 1995ஆம் ஆண்டில் ஒளி அறுவடைத் தொகுதி ஒன்றன் அமைப்பு வெளியானபோது கிடைத்தது. அத்தொகுதி ஒன்பது ஒத்த அலகுகளால் ஆன அழகிய வளையம். அதில் 27 பாக்டீரியப்பச்சைய மூலக்கூறுகள் உள்ளன. ஒன்பது மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகித் தனித்தனியே அமர்ந்து 800 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுகின்றன. எஞ்சிய பதினெட்டும் நெருக்கமாக அணிவகுத்து, ஒன்றன் ஆற்றலை ஒன்று பகிர்ந்து, 850 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுகின்றன. மூலக்கூறு ஒன்றே; நெருங்கி அமர்ந்ததால் தன்மை மாறியது.

பெற்ற ஆற்றல் 800இலிருந்து 850க்கும், அங்கிருந்து 875க்கும் இறங்கி, இறுதியில் வினை மையத்தை அடைகிறது. மேட்டு மடையிலிருந்து தாழ்ந்த வயலுக்கு நீர் தானே பாய்வதைப் போல, ஆற்றல் உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்குப் பாய்கிறது. பாக்டீரியப்பச்சையம் ‘பி’ உடைய பிளாஸ்டோகுளோரிஸ் விரிடிஸ் என்னும் இனம் இன்னும் தொலைவு சென்று, ஏறத்தாழ 1015 நானோமீட்டர் ஒளியையும் பயன்படுத்துகிறது. இதே பாக்டீரியத்தின் வினை மைய அமைப்பைக் கண்டறிந்ததற்காகவே டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் ஆகிய மூவருக்கும் 1988ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம் – உயிருள்ள செல்லில் உறிஞ்சப்படும் நீள் அலைநீளம் (ஏறத்தாழ)

பச்சையம் ‘ஏ’ – 680 நானோமீட்டர் – நீரைப் பிளக்கும்
பச்சையம் ‘டி’ – 710 நானோமீட்டர் – நீரைப் பிளக்கும்
பச்சையம் ‘எஃப்’ – 720 முதல் 750 நானோமீட்டர் – நீரைப் பிளக்கும்
பாக்டீரியப்பச்சையம் ‘ஏ’ – 800 முதல் 880 நானோமீட்டர் – நீரைப் பிளக்காது
பாக்டீரியப்பச்சையம் ‘பி’ – 1015 நானோமீட்டர் – நீரைப் பிளக்காது

வயலுக்கும் விண்ணுக்கும்

இந்நுண்ணுயிர்களின் திறன் மனிதகுலத்துக்கு எவ்வகையில் உதவும்? பயிரின் மேலிலைகள் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதால், கீழிலைகள் நிழலில் வாடுகின்றன. ஒளிச்சேர்க்கையின் எல்லையை 700இலிருந்து 750 நானோமீட்டர் வரை நீட்டித்தால், பயன்படும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 19 விழுக்காடு கூடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. கீழிலைகளில் மட்டும் பச்சையம் ‘எஃப்’ உருவாகுமாறு செய்ய இயலுமா என்று அறிவியலார் சிந்திக்கின்றனர். ஒரு மரபணுவை மாற்றினால் போதும் என்னும் எளிய பணியன்று இது. நிறமியோடு, அது அமரும் புரதங்களையும் மாற்றியாக வேண்டும் என்பதை லெப்டோலிங்பியா நமக்குக் காட்டியுள்ளது. நண்பகல் வெயில் திடீரெனப் படும் வயலில், நிழலுக்கென்று அமைந்த கருவி சேதமடையாதா என்பதும் விடை காண வேண்டிய வினாவாகும்.

விண்ணிலும் இவ்வறிவுக்கு இடமுண்டு. சூரியனைவிடச் சிறிய, வெப்பம் குறைந்த செங்குறு விண்மீன்களே நம் விண்மீன் மண்டலத்தில் மிகுதி. அவற்றின் ஒளியில் தூரச்சிவப்பும் அகச்சிவப்புமே மேலோங்கியுள்ளன. அவற்றைச் சுற்றும் கோள்களில் ஒளிச்சேர்க்கையும் ஆக்சிஜனும் இருக்கக்கூடுமா என்று வினவுவோர், சுறா விரிகுடாவின் பாறைகளிலிருந்தே தம் சிந்தனையைத் தொடங்குகின்றனர்.

குறித்து வைத்தவர்களின் கொடை

1943ஆம் ஆண்டின் இரண்டு ஆய்வுகளையும் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். எமர்சனின் அளவீட்டில் பிழையில்லை. அவர் ஆராய்ந்த பாசிக்கு அவ்வெல்லை இன்றும் பொருந்தும். ஆனால், ஓர் உயிரின் எல்லையை எல்லா உயிர்களின் எல்லையாக நாம் விரித்துக்கொண்டோம். பாடநூல்களும் அவ்வாறே எழுதின; ஆசிரியர்களும் அவ்வாறே கற்பித்தோம். அவ்வெல்லைக்கு மறுப்பு, அதே ஆண்டில், ஒரு வண்ணப்பிரிகைக் குழாயில் மெல்லிய பச்சைப் பட்டையாகத் தோன்றியிருந்தது. எங்கும் பொருந்தாத அப்பட்டையை ‘அழுக்கு’ என்று ஒதுக்கிவிடாமல், அதன் அலைநீளத்தை அளந்து, பெயரிட்டு, எழுதி வைத்தனர் இருவர். அவர்களுக்கு விடை தெரியவில்லை. ஆயினும், அவர்கள் எழுதி வைத்ததால்தான், அரை நூற்றாண்டுக்குப்பின் பலாவுக் கடலில் கிடைத்த நிறமியைக் கண்டவுடன் அதன் பெயரைச் சொல்ல மியாஷிதாவின் குழுவினரால் முடிந்தது.

செய்முறை வகுப்பில் இலைச்சாற்றின் நிறமிகளை வண்ணப்பிரிகைத் தாளில் பிரிக்கும்போது, நூலில் சொல்லப்படாத ஒரு மெல்லிய கோடு சில நேரங்களில் தோன்றும். பெரும்பாலும் அது கைப்பிழையாகவே இருக்கும். எனினும், அதனை அழித்துவிட்டு நூலில் உள்ள படத்தைப் பார்த்து வரைவது தவறு. கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளும் இடமும் குறியுங்கள். எழுதாமல் விட்ட கோட்டினைத் தேடிப் பின்னாளில் எவரும் வர இயலாது.

கற்பவை கற்றபின்

1. ஒரு நாளின் ஒரே நேரத்தில் திறந்தவெளியிலும் மரநிழலிலும் வளரும் ஒரே வகைச் செடிகளின் உயரம், இலையின் அளவு, கணுவிடை நீளம் ஆகியவற்றை அளந்து ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரில் குளம், கிணறு, ஈரச்சுவர் ஆகிய இடங்களில் படரும் பாசிப்படலங்களின் நிறவேறுபாடுகளைக் கண்டு, ஒளியின் அளவோடு தொடர்புபடுத்தி ஒருபக்க அளவில் குறிப்பெழுதுக.
3. ‘பொருந்தாத முடிவும் அறிவியலுக்குப் பொருளுடையதே’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

திறன் அறிவோம்

குறுவினா
1. தூரச்சிவப்பு ஒளி என்பது யாது?
2. சிவப்புப் பாசிகளின் சில மாதிரிகளில் மட்டும் பச்சையம் ‘டி’ கிடைத்தது ஏன்?

சிறுவினா
1. ஃபார்மைல் தொகுதியின் இடமாற்றத்தால் பச்சையங்களின் தன்மை வேறுபடுவதை விளக்குக.
2. ஊதாப் பாக்டீரியங்களால் மிக நீண்ட அலைநீளமுள்ள ஒளியைப் பயன்படுத்த முடிவது எவ்வாறு?

நெடுவினா
1. நிழலில் வாழும் சயனோபாக்டீரியங்கள் தம் ஒளி அமைப்புகளை மாற்றியமைக்கும் முறையையும், அதற்கு அவை செலுத்தும் விலையையும் கட்டுரையாக வரைக.